எத்தனை ஐம்பதுதான் வேண்டும்?

போன ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேமரா லென்ஸ் டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். மழைக்காலத்தில் இது என் வழக்கம். சிலிக்கா ஜெல்லை மாற்ற வேண்டும். ஒவ்வொரு லென்ஸையும் கையிலெடுத்து, டார்ச் அடித்து, உள்ளே வெள்ளை நூல் மாதிரி ஏதாவது படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்னை ஈரத்தில் பூஞ்சைக்கு ஒரு மாதம் போதும். அதனால் இது தள்ளிப்போட முடியாத வேலை.

பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் ஒவ்வொன்றாக எடுத்து முன்வளையத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தாள். ஏழாம் வகுப்பு. எதைக் கண்டாலும் எண்ணுகிற வயது.

"அப்பா, மூணுல ஐம்பது மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. மூணுல அஞ்சு சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்மா."

"அப்ப எதுக்கு ஆறு?"

அவள் படித்தது லென்ஸின் குவியத்தூரம், படத்தில் எவ்வளவு அகலம் விழும் என்பதைத் தீர்மானிக்கிற எண். நான் வாயைத் திறந்தேன். எஃப் மூன்றரைக்கும் ஒன்றரைக்கும் உள்ள வித்தியாசம், பின்னணி கரையும் விதம், பூச்சு உள்ள கண்ணாடி, பூச்சு இல்லாத கண்ணாடி என்று தொடங்கினேன். அவள் அரை நிமிஷம் கேட்டுவிட்டுக் கணக்கு நோட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் கேள்வி மேஜையிலேயே கிடந்தது. அடுத்த நாலு மாதம் அதை வைத்துக்கொண்டு நான் செய்த வேலைகளைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் இந்த ஆறும் வந்த கதை. முதலில் வந்தது ஜுபிடர்-8, எஃப் 2. (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸ் உள்ளே விடும் ஒளி அதிகம்.) அது தனியாக வரவில்லை. ஸோர்க்கி-4 என்ற சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் மூக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1956 முதல் 1973 வரை செய்த கேமரா அது. ஷட்டரை ஏற்றாமல் வேகத்தை மாற்றிவிடாதே, உள்ளே கெட்டுப்போகும் என்று விற்றவர் மூன்று தடவை சொல்லி அனுப்பினார். சில வருஷம் அதோடு ஓடியது. அப்புறம் ஒரு பழைய லைக்கா எம்3 கைக்கு வந்தது. என்ன விலை கொடுத்தேன் என்பதை, வீட்டில் இதைப் படிக்கிற ஆள் இருப்பதால், இங்கே எழுதவில்லை. அதோடு ஒரு எல்மார் 5 செ.மீ., எஃப் 3.5. அப்புறம் இருட்டுக்கு வேண்டும் என்று ஜுபிடர்-3, எஃப் 1.5. அப்புறம் ஜப்பானியத் தயாரிப்பு எஃப் 1.8 ஒன்று. முன்கண்ணாடி பூராவும் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்திருந்ததால் மலிவாகக் கிடைத்த சும்மார், எஃப் 2. கடைசியாக வோய்க்லாண்டர் நோக்டன், எஃப் 1.5. இது 1999இல் வந்த புதிய காலத்து லென்ஸ்.

இத்தனையும் ஒரே கேமராவில் மாட்ட முடிந்ததற்குக் காரணம் ஒரு மில்லிமீட்டர். பழைய லைக்காவின் திருகு மவுன்டில், அதாவது லென்ஸைத் திருகி மாட்டும் வாயில், லென்ஸ் உட்காரும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ. 1954இல் எம்3 வந்தபோது அதை 27.8 ஆக்கினார்கள். நடுவில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையத்தைப் போட்டால் முப்பதுகளின் லென்ஸ்கூட எம் கேமராவில் சரியாக உட்காரும். பழைய வாடிக்கையாளர்களைக் கைவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், லைக்காவைச் செய்த லைட்ஸ் கம்பெனிக்காரர்கள் செய்த ஏற்பாடு. என் சேமிப்பு கரைந்தது அந்த இடுக்கில்தான்.

எஸ்எல்ஆர் வைத்திருந்த காலத்தில் எனக்கு இந்த வியாதி இல்லை. யோசித்தால் காரணம் புரிகிறது. எஸ்எல்ஆரில் லென்ஸின் வழியாகவே பார்க்கிறோம். எஃப் 1.4ஐக் கழற்றிவிட்டு எஃப் 2.8 மாட்டினால் வ்யூஃபைண்டர் மங்கும். பின்னணி எவ்வளவு கரைகிறது என்பது அங்கேயே தெரியும். பிடித்தால் எடுக்கலாம், பிடிக்காவிட்டால் விடலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தப் பேச்சே கிடையாது. லென்ஸ் ஒரு பக்கம், நாம் பார்க்கும் ஜன்னல் இன்னொரு பக்கம். ஜன்னலில் எல்லாமே எப்போதும் தெளிவு, பக்கத்துப் பூந்தொட்டியும் தெளிவு, தெருமுனைக் கோபுரமும் தெளிவு. நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு உருவங்கள் ஒன்றின் மேல் ஒன்று வந்து சேர்ந்தால் ஃபோகஸ். சுற்றிலும் ஐம்பதுக்கான வெள்ளைக்கோட்டுச் சட்டம். எம்3இல் இந்தச் சட்டம் மறைவதே இல்லை. தொண்ணூறை மாட்டினாலும் நூற்று முப்பத்தைந்தை மாட்டினாலும் ஐம்பதின் சட்டம் அங்கேயே நிற்கும், மற்றது அதற்குள் கூடுதலாகத் தோன்றும். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு ரோல் முழுக்க எடுத்துவிடலாம், ஜன்னல் ஒன்றும் சொல்லாது. எடுத்திருக்கிறேன்.

ஆக, ஆறில் எதை மாட்டினாலும் படம் எடுக்கிற நேரத்தில் நான் பார்ப்பது ஒன்றையேதான். சும்மாரின் கீறல் தெரியாது, நோக்டனின் கூர்மை தெரியாது. தெரிவதெல்லாம் ரோலைக் கழுவி, காயவைத்து, ஸ்கேன் செய்தபிறகு. ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து. அந்தப் பத்து நாளில் மனசு சும்மா இருக்குமா? இந்த லென்ஸ் இப்படி வரும், அது அப்படி வரும் என்று கற்பனை ஓடும். கண்ணெதிரே தெரியாத வித்தியாசத்துக்கு ஆசை எவ்வளவு வேண்டுமானாலும் வளரும் என்பதை நான் என் கைக்காசில் கற்றுக்கொண்டேன்.

ஐம்பது ஏன் ஐம்பது ஆனது என்று கொஞ்சம் பார்க்கலாம். லைட்ஸ் கம்பெனியில் ஆஸ்கர் பார்னாக் சினிமா ஃபிலிமைப் படுக்கவைத்து, 18க்கு 24 சட்டத்தை இரட்டிப்பாக்கி, 24க்கு 36 மி.மீ. ஆக்கினார். அதன் மூலைவிட்டம் 43 மி.மீ.க்கு ஒரு துளி அதிகம். பாடப்புத்தகக் கணக்குப்படி அதுதான் 'நார்மல்'. ஆனால் மாக்ஸ் பெரெக் அந்தக் கேமராவுக்குச் செய்துகொடுத்த லென்ஸ் 50. 1925இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் லைக்கா வெளியானபோது அது கழற்ற முடியாத லென்ஸோடு வந்தது. பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு வேடிக்கை, இந்த ஐம்பதுகளில் பல உண்மையில் ஐம்பதும் இல்லை. லைக்கா தரம் 51.6 மி.மீ. லைட்ஸ் லென்ஸ்கள் சிலவற்றில் தூர அளவுகளுக்குப் பக்கத்தில் 16, 19 என்று பொடியாக ஓர் எண் செதுக்கியிருக்கும். 51.6, 51.9 என்று அர்த்தம். மகளிடம் இதைச் சொன்னேன். "அப்ப பொய் எழுதியிருக்காங்களா?" என்றாள்.

அந்தக் காலத்தில் யாருக்கும் 'எத்தனை ஐம்பது' என்ற கவலை இருந்திருக்காது. 1932இல் ட்ரெஸ்டனின் ஸைஸ் இக்கான் லைக்காவுக்குப் போட்டியாகக் கான்டாக்ஸைக் கொண்டுவந்தது. முப்பதுகளில் அந்தக் கேமராவுக்கு ஐம்பதிலேயே நாலு லென்ஸ் கிடைத்தது. டெஸ்ஸார் எஃப் 3.5, டெஸ்ஸார் எஃப் 2.8, சோனார் எஃப் 2, சோனார் எஃப் 1.5. லைட்ஸ் பக்கம் எல்மார் எஃப் 3.5, 1933இலிருந்து சும்மார் எஃப் 2, 1936இலிருந்து ஸெனான் எஃப் 1.5. இதைப் பார்த்து நான் பல வருஷம் தவறாகவே புரிந்துகொண்டிருந்தேன். ஆளுக்கு ஆறு ரசனை இருந்தது, அதற்கு ஆறு லென்ஸ் செய்தார்கள் என்று. அது வெறும் விலைப்படிக்கட்டு. கேமரா வாங்க வந்தவர் பையில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ற படியில் ஏறி நின்றுகொள்வார். கிளார்க் எஃப் 3.5 வாங்குவார், டாக்டர் எஃப் 1.5 வாங்குவார். ரயிலில் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டும் முதல் வகுப்பு டிக்கெட்டும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஒருத்தர் ஏறுவாரா? எண்பது வருஷம் கழித்து நாம்தான் எல்லா வகுப்பு டிக்கெட்டையும் வாங்கி டப்பாவில் போட்டு வைக்கிறோம்.

இந்தப் படிக்கட்டில் சோனாருக்கு மட்டும் ஒரு தனிக் கதை உண்டு. அதைச் சொல்லாமல் போனால் ரேஞ்ச்ஃபைண்டர்காரர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்பது புரியாது. கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு பரப்பும் பூச்சு இல்லாவிட்டால் நாலைந்து சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்பியது சும்மா போகாது, உள்ளேயே அங்குமிங்கும் மோதிக் கடைசியில் ஃபிலிமின் மேல் சாம்பல் பூசும். எல்மாரில் நாலு கண்ணாடி, மூன்று தொகுதி, ஆக ஆறு பரப்பு. சும்மாரில் ஆறு கண்ணாடி நாலு தொகுதி, எட்டுப் பரப்பு. ஸெனானில் ஏழு கண்ணாடி ஐந்து தொகுதி, பத்துப் பரப்பு. வேகம் கூடக்கூடப் படம் வெளுக்கும். சோனாரை வடிவமைத்த லுட்விக் பெர்டெலே என்ன செய்தார் என்றால், ஏழு கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கினார். எஃப் 1.5, ஆனால் காற்றைத் தொடும் பரப்பு எல்மாரைப் போலவே ஆறு. இருட்டிலும் எடுக்கலாம், கறுப்பு கறுப்பாகவே விழும்.

1935இல் ஸைஸிலேயே அலெக்சாண்டர் ஸ்மாகுலா ஒளிமீளாப் பூச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். போருக்குப் பிறகு எல்லா லென்ஸிலும் பூச்சு வந்துவிட்டது. பரப்பு எட்டானால் என்ன, பத்தானால் என்ன என்று ஆகிவிட்டது. சோனாரின் பெரிய பலம் போனது. அதோடு எஸ்எல்ஆர் வந்தது. சோனாரின் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகில் போய் நிற்கும். அந்த இடத்தில்தான் எஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டருக்கு உருவத்தைத் திருப்பிவிடும் மிரர் எழுந்து விழ வேண்டும். இரண்டுக்கும் ஒரே வீட்டில் இடமில்லை. அதனால் எஸ்எல்ஆர் உலகத்தின் ஐம்பதுகள் பெரும்பாலும் ஒரே வம்சம், டபுள் காஸ் (Gauss) என்ற வடிவமைப்பின் வம்சம். ரேஞ்ச்ஃபைண்டரில் மட்டும் டெஸ்ஸார் வம்சம், சோனார் வம்சம், காஸ் வம்சம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. சேர்க்கிறவனுக்கு நல்ல சாக்கு. போரில் ஜெயித்த சோவியத்துகள் ஜெர்மனியிலிருந்து கொண்டுபோன சரக்கில் சோனாரும் ஒன்று. எஃப் 2 ஜுபிடர்-8 ஆனது, எஃப் 1.5 ஜுபிடர்-3 ஆனது. அப்படி என் மேஜை வரைக்கும் வந்தது.

ஜுபிடர்-3 பற்றி ஒரு சங்கடமான கதை. ஸோர்க்கியில் அது தங்கமான லென்ஸ். எம்3இல் மாட்டி என் பாட்டியை எடுத்தேன், ஜன்னலோரம், ஒரு மீட்டர் தூரம், எஃப் 1.5. கண்ணில்தான் ஃபோகஸ் வைத்தேன். கழுவிப் பார்த்தால் கண் மசமசவென்று இருக்கிறது, காதில் தோடு பளிச்சென்று இருக்கிறது. கை நடுங்கியிருக்கும், பாட்டி அசைந்திருப்பாள் என்று இன்னொரு ரோல் போட்டேன். மறுபடியும் தோடு. ஒரு அலமாரியில் புத்தகங்களைச் சாய்வாக அடுக்கி நடுப் புத்தகத்தில் ஃபோகஸ் வைத்து எடுத்தபிறகுதான் புரிந்தது, இந்த ஜோடியில் ஃபோகஸ் மூன்று செ.மீ. பின்னால் விழுகிறது.

யார் மேலும் தப்பில்லை. அந்த வம்ச லென்ஸ்களின் குவியத்தூரம் 52.4 மி.மீ. பக்கம், லைக்கா எதிர்பார்ப்பது 51.6. தூரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு மீட்டரில் கணக்குப் போட்டால் சரியாக அந்த மூன்று செ.மீ. வருகிறது. எஃப் 1.5இல் ஒரு மீட்டரில் தெளிவாக விழும் ஆழமே மொத்தம் மூன்றரை செ.மீ.தான். கண் போய்த் தோடு வந்ததில் ஆச்சரியமில்லை. உள்ளே தகடு வைத்துச் சரி செய்யலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அது ஸோர்க்கிக்கு ஆகாது.

எஸ்எல்ஆராக இருந்திருந்தால் முதல் படத்திலேயே கண்டுபிடித்திருப்பேன். இங்கே ஜன்னல் "சரி, எடு" என்றது. ஸைஸ் 2000களில் எம் மவுன்டுக்கு மறுபடி கொண்டுவந்த சி சோனார் எஃப் 1.5லும் இந்த மாதிரி ஒரு குணம் உண்டு. அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, மூட மூட ஃபோகஸ் பின்னால் நகரும். எந்த அப்பர்ச்சருக்குச் சரியாக இருக்கும்படி அமைப்பது என்பதே அங்கே ஒரு முடிவு. பிடித்தவர்கள் அதைப் பழகிக்கொள்கிறார்கள். கேமராவையும் பார்க்க வேண்டும். எம்3இன் ரேஞ்ச்ஃபைண்டர் அடிநீளத்தை, அதாவது தூரம் அளக்கும் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை, உருப்பெருக்கத்தோடு பெருக்கினால் அறுபது மி.மீ.க்கு மேல். இந்த எண் பெரிதாகப் பெரிதாக ஃபோகஸ் துல்லியம். பெஸ்ஸா-ஆர் கேமராவுக்கு அதே கணக்கில் 25 சொச்சம். முன்னதில் எஃப் 1.5ஐ நம்பி மாட்டலாம். பின்னதில் ஒரு மீட்டருக்குக் கிட்டே போகும்போது கொஞ்சம் வேண்டிக்கொள்ள வேண்டும். வேகமான ஐம்பது வாங்குகிறவர்கள் லென்ஸின் பெயரைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

சரி, சோதனைக்கு வருகிறேன். மார்கழியில் ஆறு லென்ஸிலும் ஒரே ஃபிலிமைப் போட்டுச் சுற்றினேன். மயிலாப்பூர் மாட வீதி, தெப்பக்குளப் படிக்கட்டு, வீட்டுக் கூடம், டீக்கடை. தபால் அட்டை அளவில் பிரின்ட் போட்டு, லென்ஸுக்கு நாலு என்று இருபத்து நாலைத் தேர்ந்தெடுத்தேன். பின்பக்கம் பென்சிலில் எண் மட்டும். என் மனைவி அதைக் குலுக்கிச் சீட்டுக்கட்டு மாதிரி நீட்டினாள்.

"என்னங்க, எது ரஷ்யா, எது லைக்கான்னு எல்லாத்தையும் சரியா சொல்லிட்டீங்கன்னா, இனிமே லென்ஸ் பத்தி நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

நான் நிதானமாகத்தான் பார்த்தேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்து, ஓரங்களைப் பார்த்து, பின்னணியின் வட்டங்களைப் பார்த்து. இருபத்து நாலில் ஏழு சரி. கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லியிருந்தாலே சராசரியாக நாலு சரியாகியிருக்கும். அந்த ஏழில் மூன்று சும்மார். வீட்டு ஜன்னலைப் பார்த்து எடுத்த இடங்களில் வெள்ளை வழிந்து படம் பூராவும் பால் ஊற்றினாற்போல இருக்கும், குழந்தைகூடச் சொல்லிவிடும். இரண்டு ஜுபிடர்-3, முழுக்கத் திறந்து எடுத்தவை. ஒன்று நோக்டன், ஓரம் வரை கத்தி மாதிரி இருந்ததால். ஒன்று குருட்டு அதிர்ஷ்டம். எஃப் 5.6, எஃப் 8 என்று எடுத்த படங்களில் ஒன்றைக்கூட என்னால் பிரிக்க முடியவில்லை. இதில் பெரிய அவமானம் ஒன்று உண்டு. டீக்கடைக்காரரின் முகத்தில் மெல்லிய ஒளிவட்டம் விழுந்த ஒரு படத்தைக் காட்டி, "இது பழைய லைட்ஸ் கண்ணாடி, சந்தேகமே இல்லை, இந்த மினுக்கம் வேற எதுலயும் வராது" என்று பெரிதாகச் சொன்னேன். அது ஜப்பான்காரருடைய எஃப் 1.8. டார்ச் அடித்துப் பார்த்தால், என் டப்பாவின் ஈரத்திலும் அறுபது வருஷ வயதிலும் உள்கண்ணாடி ஒன்றில் மூடுபனி கட்டியிருந்தது. மினுக்கம் வந்த வழி அது.

அன்று ராத்திரி மேஜையில் வேறு விதமாக அடுக்கிப் பார்த்தேன். படத்தில் என்ன வித்தியாசம் என்பதை விட்டுவிட்டு, கையில் என்ன வித்தியாசம் என்று. இங்கே கண்ணை மூடிக்கொண்டே ஆறையும் சொல்லிவிடலாம்.

எல்மார் மடங்கும். உள்ளே தள்ளிவிட்டால் எம்3 சட்டைப்பைக்குள் போகாவிட்டாலும் ஜோல்னாப்பையில் ஒரு டிபன்பாக்ஸ் மூடி அளவுக்குத்தான் துருத்தும். அப்பர்ச்சரை மாற்ற, முன்முகத்தில் கண்ணாடியை ஒட்டி இருக்கும் ஒரு சின்னக் குமிழை நகத்தால் நகர்த்த வேண்டும். அதற்குக் கேமராவை நம் பக்கம் திருப்ப வேண்டும். தெருவில் நின்று இதைச் செய்துகொண்டிருந்தால் எடுக்க நினைத்த ஆள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். அதனால் காலையிலேயே எஃப் 8இல் வைத்துவிட்டு அப்புறம் தொடுவதில்லை. வெளியே இழுத்துத் திருகிப் பூட்ட மறந்தால் முழு ரோலும் மங்கல். பதினோரு படம் அப்படிப் போயிருக்கிறது, ஜன்னல் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நோக்டன் இதற்கு நேர்மாறு. 52 மி.மீ. ஃபில்டர் போடும் பெரிய மூக்கு. ஜன்னலின் கீழ்மூலையில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அப்பர்ச்சர் வளையம் டிக் டிக்கென்று நிற்கும், இருட்டில் எண்ணிக்கொண்டே மாற்றலாம். ஜுபிடர்களில் டிக் கிடையாது, ஃபோகஸ் திருப்பினால் முன்பகுதி முழுக்கச் சேர்ந்து சுற்றும், எஃப் எண் எந்தப் பக்கம் போனது என்று தேட வேண்டும்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். நம் ஊர் உச்சிவெயிலில் 400 ஃபிலிம் போட்டால், எம்3இன் அதிகபட்ச வேகமான 1/1000இல்கூட எஃப் 11க்கு மூடியாக வேண்டும். எஃப் 1.5 அங்கே அலங்காரம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை எல்மாருக்கும் நோக்டனுக்கும் படத்தில் ஒரு வித்தியாசமும் வரப்போவதில்லை, தோள்வலியில்தான் வரும். விளக்கு வைத்தபிறகு கதை மாறும். குழல்விளக்கு எரியும் டீக்கடையில் எஃப் 2க்கு 1/60 கிடைக்கிற இடத்தில் எஃப் 3.5க்கு 1/30க்கும் கீழே இறங்க வேண்டும். டீ ஆற்றுகிற கை நீளமான கோடாக விழும். எஃப் 3.5க்கும் எஃப் 1.5க்கும் இடையே ஒளி ஐந்து மடங்குக்கு மேல். எஃப் 2க்கும் எஃப் 1.8க்கும் இடையே? கால் பங்கு கூடுதல். அதற்காக இரண்டு லென்ஸ் வைத்திருந்தேன் என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முதல்முறை ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குகிறவர் என்னிடம் கேட்டால், எஃப் 2 ஒன்று வாங்கிக்கொண்டு கடையை மூடுங்கள் என்றுதான் சொல்வேன். பகலுக்கும் ஆகும், விளக்கு வைத்தபிறகும் சமாளிக்கும். 1953இல் சும்மிக்ரான் வந்ததிலிருந்து நல்ல எஃப் 2 கிடைக்காத காலமே இல்லை. வசதிக்கேற்ப அதுவோ, ஜப்பான்காரர்களுடையதோ, ஸோர்க்கியோடு வரும் ஜுபிடர்-8ஓ. என் கதை வேறு, நான் ஏற்கனவே ஆறு வாங்கிவிட்டேன். எனவே இரண்டு: எல்மார், நோக்டன். ஒன்று பையில் இருப்பதே தெரியாது, இன்னொன்று இருட்டில் கண் தெரியும். நடுவில் ஒளி இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு), எடையிலும் உருவத்திலும் பார்த்தவுடனே தெரியும் வித்தியாசம். இதைவிடக் குறைந்த வித்தியாசத்துக்கு இன்னொரு ஐம்பது எதற்கு என்று எனக்கு இப்போது யாராவது சொல்லியாக வேண்டும்.

சொல்ல ஆளில்லாமல் இல்லை. 1956இலிருந்து வந்த இரட்டைத் தூரச் சும்மிக்ரானைக் காட்டுவார் ஒருவர், அதோடு வரும் துணைக் கண்ணாடியை லென்ஸில் மாட்டினால் 48 செ.மீ. வரை நெருங்கும். பூ, கை, கடிதம் எல்லாம் எடுக்கலாம். அது நியாயம், என் ஐம்பதுகள் எதுவும் செய்யாத வேலை. எஃப் 1.0, எஃப் 0.95 நாக்டிலக்ஸ் என்பார் இன்னொருவர். அதன் விலைக்கு எங்கள் தெருவில் ஒரு வருஷ வாடகை வரும், அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. சேகரிப்பே சந்தோஷம் என்கிறவர்களிடம் எனக்குச் சண்டையே இல்லை. தபால்தலை சேர்க்கிறவரிடம் எத்தனை கடிதம் போடுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லையே. புதிய டிஜிட்டல் எம் கேமராக்கள் பலவற்றில் பின்திரையில் லென்ஸின் வழியாகவே பார்த்துவிடலாம். அதை வைத்திருப்பவர்களிடம் ஜுபிடர்-3 இப்படி விளையாட முடியாது. அவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

தை பிறந்ததும் சும்மாரையும் ஜப்பான் எஃப் 1.8ஐயும் விற்றேன். மூடுபனி இருக்கிறது என்று சொல்லியே விற்றேன். வாங்கின பையன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல சார், ஒரு மாதிரி மினுக்கமா வரும்ல" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜுபிடர்-3 இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது. தோடு பளிச்சென்று விழுந்த அந்தப் படத்தைப் பாட்டி கேட்டு வாங்கித் தன் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள். அவளுக்கு அந்தத் தோடு கல்யாணத்துக்குப் போட்டது. தோடு நன்றாக விழுந்திருப்பதில் அவளுக்குப் பரம திருப்தி. அந்த லென்ஸை விற்கக் கை வரவில்லை, அதை ஸோர்க்கியின் கணக்கில் எழுதிவிட்டேன்.

ஸோர்க்கி மகளுக்குப் போனது. ஜுபிடர்-8ஐ மாட்டி, ஒரு ரோல் போட்டுக் கொடுத்து, ஷட்டரை ஏற்றாமல் வேகத்தை மாற்றாதே என்று மூன்று தடவை சொன்னேன். கோடை விடுமுறையில் முப்பத்தாறையும் எடுத்து முடித்தாள். தாத்தா, பக்கத்து வீட்டு நாய், மொட்டைமாடி வடகம், நாயே மறுபடி. அவளுக்கு ஒரே ஒரு குறை. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது எடுத்ததில் பாட்டி பாதி வெளியே போய்விட்டாள். பின்னால் போகப் பார்த்தால் சுவர்.

"அப்பா, இதைவிட அகலமா தெரியற லென்ஸ் ஒண்ணு குடுங்களேன்."

டப்பாவைத் திறந்தேன். எல்மார், நோக்டன், ஜுபிடர்-3. மூன்றும் ஐம்பது. எம்3இல் முப்பத்தைந்துக்குச் சட்டமே கிடையாது, அதனால் இத்தனை வருஷத்தில் ஒரு முப்பத்தைந்துகூட இந்த வீட்டுக்குள் வரவில்லை.

"ஜுபிடர்-12னு ஒண்ணு இருக்கும்மா. முப்பத்தஞ்சு. ஆனா அதுக்கு மேலே மாட்டற மாதிரி தனியா ஒரு வ்யூஃபைண்டர் வேணும்."

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.